முனையைப் பார்த்தது போதும், முறிந்த பக்கத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில், கொல்லை உழுதபோது கிடைத்த 'மர்மப் பொருள்' பற்றிய செய்தியைப் படித்தேன். பெரம்பலூர் மாவட்டத்து விவசாயி ஒருவரின் நிலத்தில் விரல் நீளத்துக்கு, உருண்டையாக, ஒரு பக்கம் கூராக, தேன் பழுப்பு நிறத்தில் ஏதோ கிடைத்திருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துத் துப்பாக்கித் தோட்டா என்று சிலர் சொல்வதாகவும், சோழர் காலத்து அம்பு முனை என்று வேறு சிலர் சொல்வதாகவும், இடி விழுந்த இடத்தில் உண்டாகும் கல் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னதாகவும், வருவாய்த் துறையினர் வாங்கிப் போய் விசாரிப்பதாகவும் போட்டிருந்தீர்கள். விசாரணை எந்த மட்டில் இருக்கிறதோ தெரியாது. அந்தப் பொருள் என்ன என்பதை எனக்குத் தெரிந்த அளவில் எழுதிவிடலாம் என்றுதான் இந்தக் கடிதம்.

நான் ஆலத்தூர் வட்டத்தில் இரும்புப் பட்டறை வைத்திருக்கிறேன். கொழு, கடப்பாரை, களைக்கொத்து, அரிவாள் இவைதான் பிழைப்பு. இப்போது டிராக்டர் கலப்பை வெல்டிங்கும் சேர்ந்துகொண்டது. எங்கள் பக்கம் மண்ணுக்குள் கூராக எது கிடைத்தாலும் பட்டறைக்கு வந்துவிடும். கூர் என்றால் இரும்பு, இரும்பு என்றால் ஆசாரி என்பது ஊர்க் கணக்கு. தேய்ந்த கொழு முனை, மாட்டு லாட ஆணி, வண்டிக் கடையாணி, கிணறு வெட்டும்போது முறிந்த வெட்டிரும்பு என்று எல்லாம் வரும். "ஆசாரி, இது என்னான்னு பாரு" என்று நீட்டுவார்கள். அப்படி வருவதில் கணிசமானவை இரும்பும் இல்லை, ஆயுதமும் இல்லை. உங்கள் படத்தில் இருப்பதும் அந்த வகைதான் என்று நினைக்கிறேன்.

அதன் பெயர் பெலம்னைட். கடலில் வாழ்ந்து அழிந்துபோன ஒரு பிராணியின் உடலுக்குள் இருந்த பாகம் அது. கணவாய் மீனுக்குச் சொந்தக்கார இனம்.

படத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்வது முறையில்லை என்பது தெரியும். ஆனால் ஊர், நிறம், உருவம் மூன்றும் பொருந்துகின்றன. மூன்றாவது படத்தின் ஓரத்தில் பின்பக்கம் கொஞ்சம் சிதைந்து, உள்ளே கோடுகள் தெரிகின்றன. அந்த ஒரு மூலைதான் விஷயமே. உங்கள் புகைப்படக்காரர் மற்ற இரண்டு படங்களையும் முனையை நோக்கியே எடுத்திருக்கிறார். அவரைக் குறை சொல்லவில்லை, யாராக இருந்தாலும் கண் முதலில் முனைக்குத்தான் போகும். ஆனால் முனை எதையும் சொல்லாது. ஆணியும் கூர், முள்ளும் கூர், மான் கொம்பும் கூர், தோட்டாவும் கூர். எது எதனால் ஆனது, எப்படி உண்டானது என்பதைப் பின்பக்கமும் முறிந்த முகமும்தான் காட்டிக் கொடுக்கும்.

பட்டறைக்கு ஒரு பொருள் வந்தால் நான் முதலில் பார்ப்பது எடை. கையில் வாங்கிய உடனே பாதி தெரிந்துவிடும். அதே அளவுத் தண்ணீரைவிட ஈயம் பதினொரு மடங்குக்கு மேல் கனம், இரும்பு ஏறக்குறைய எட்டு மடங்கு. இந்தப் பெலம்னைட் மூன்று மடங்குகூட வராது. தோட்டா என்று நினைத்து வாங்கினால் கை ஏமாந்துபோகும். அடுத்தது காந்தம். கடையில் பத்து, இருபது ரூபாய்க்கு விற்கும் காந்தம் போதும். எவ்வளவு துருப்பிடித்த பழைய இரும்பாக இருந்தாலும் உள்ளே உலோகம் கொஞ்சம் மிச்சமிருந்தால் இழுக்கும். பெலம்னைட்டில் ஒட்டாது. ஈயத் தோட்டாவும் காந்தத்தில் ஒட்டாதுதான், ஆனால் வெள்ளைத் தாளில் தேய்த்தால் பென்சில் மாதிரி சாம்பல் கோடு விழும். செம்பு கலந்தது என்றால் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். இரண்டும் இல்லாவிட்டால் உலோகம் என்ற சந்தேகத்தை விட்டுவிடலாம்.

அப்புறம் எலுமிச்சம்பழம். பொருளில் ஏற்கெனவே சிதைந்த இடம் ஏதாவது இருந்தால், அங்கே கத்தி முனையால் இலேசாகச் சுரண்டுங்கள். வெள்ளைப் பொடி வரும். அந்தப் பொடியை ஒரு தட்டில் போட்டு இரண்டு சொட்டுச் சாறு விட்டால் மெல்லக் குமிழ் விடும். சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சைட் என்பதற்கு அதுவே சாட்சி. எங்கள் வட்டத்தில் காரை என்ற ஊர்ப் பக்கத்து ஓடைகளில் ஜிப்சமும் நிறைய உண்டு. மண்ணுக்கு நடுவே வெள்ளைப் பட்டையாக ஓடும், வெயிலில் மினுக்கும், நீளவாக்கில் உடைந்தால் கூர்த் துண்டுகளாகத்தான் உடையும். அதையும் கொண்டுவந்து வைரமா என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். ஜிப்சம் நகத்தால் கீறினாலே கோடு விழும், சாறுக்குக் குமிழாது. கால்சைட் நகத்துக்கு மசியாது, கத்திக்கு மசியும்.

இவ்வளவும் செய்யாமலேகூட முறிந்த முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஒரு பெலம்னைட் குறுக்கே உடைந்திருந்தால், நடுவில் ஒரு புள்ளியிலிருந்து மாட்டு வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி இழைகள் வெளிவட்டம் வரை ஓடும். அதற்குக் குறுக்கே வட்ட வட்டமாக வளையங்களும் தெரியும். அந்தப் புள்ளி எல்லாவற்றிலும் நட்ட நடுவில் இருக்காது, சிலதில் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். மனிதன் அடித்த இரும்பிலோ வார்த்த ஈயத்திலோ இப்படி வராது. எலும்பும் மான் கொம்பும் உடைந்தால் உள்ளே சல்லடைக் கண்களாக இருக்கும். பின்பக்கம் முழுசாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. அங்கே புனல் வடிவத்தில் ஒரு குழி இருக்கும். அம்பு முனைக்குக் குச்சி செருகக் குடைந்த துளை என்று சோழர் கட்சிக்காரர்கள் சொல்வது இதைத்தான். பார்த்தால் அப்படித்தான் தோன்றும், தப்பில்லை. ஆனால் அம்பு முனையின் குழி ஒரே சீராகக் குச்சியின் கனத்துக்கு இருக்க வேண்டும், இது உள்ளே போகப் போக ஊசி முனையாய்க் குறுகும்.

அந்தக் குழிக்குள் என்ன இருந்தது என்றால், அறை அறையாகத் தடுத்த ஒரு கூம்பு. அந்த அறைகளில் வாயு நிறைந்திருக்கும். பிராணி மிதப்பதற்கு அது உதவியது. பிராணியின் முன்பக்கம் உடலும் கைகளும் தலையும், நடுவில் மிதக்கும் கூம்பு, வால் பக்கம் கனமான இந்தக் கல் முனை. இப்படி எடை சரிக்கட்டி, படுக்கைவாக்கில் நீந்தியது. கைகள் பத்து, அவற்றில் குட்டிக் கொக்கிகள், ஆபத்து வந்தால் பீய்ச்ச மைப்பை. ஜெர்மனியின் ஹோல்ஸ்மாடன் போன்ற இடங்களில் உடல் அச்சோடு கிடைத்திருப்பதால் இதெல்லாம் ஊகமில்லை. இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் மேரி ஆனிங் என்ற பெண்மணி 1826-ஆம் ஆண்டு வாக்கில் மைப்பைகளையே கண்டுபிடித்தார். காய்ந்து கல்லான அந்த மையைக் கரைத்து அவருடைய தோழி எலிசபெத் ஃபில்பாட் படம் வரைந்திருக்கிறார் என்று படித்தபோது சிரிப்பும் வந்தது, பொறாமையும் வந்தது.

நாட்டு மருந்துக் கடைகளில் கடல்நுரை என்று வெள்ளையாக, இலேசாக ஒன்று விற்பார்கள். அது நுரை இல்லை, கணவாயின் உள்ளே இருக்கும் ஓடு. வெளியில் ஓடு இல்லாமல் உள்ளே ஓடு வைத்துக்கொள்ளும் வழக்கம் அந்தக் குடும்பத்துக்கே உரியது. பெலம்னைட்டும் அதே வழிதான், பின்னால் கல்லாகத் திரட்டி வைத்துக்கொண்டது ஒன்றுதான் வித்தியாசம். சென்னைப் பக்கத்து மீன் மார்க்கெட்டில் ஊசிக் கணவாய் வாங்கிச் சமைப்பவர்களுக்கு, உள்ளிருந்து கண்ணாடித் தகடு மாதிரி ஒன்றை உருவி எறிவது பழக்கமாக இருக்கும். அதுவும் அந்த உள் ஓட்டின் மிச்சம்தான்.

கடல் எங்கே, பெரம்பலூர் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இந்தியா தெற்கே இருந்த பெரிய நிலப்பரப்பிலிருந்து பிரிந்து வந்துகொண்டிருந்த காலத்தில், இன்றைய திருச்சி, பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளுக்குள் கடல் ஏறி வந்தது, பல தடவை ஏறி இறங்கியது. அது விட்டுப்போன களிமண்ணும் சுண்ணாம்புக் கல்லும்தான் நம் காலடியில் இருக்கின்றன. அரியலூரில் சிமென்ட் ஆலைகள் வரிசையாக வந்ததும் இந்தக் கடல் புண்ணியத்தில்தான். 1860-களின் தொடக்கத்தில் எச். எஃப். பிளான்ஃபோர்டு என்ற புவியியலாளர் இங்கே நடந்து நடந்து பார்த்து, பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்து எழுதினார். இன்றைக்கும் அந்தப் பெயர்கள்தான் புழக்கம். நம் ஊர்ப் பெலம்னைட்டுகளைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவரும் அவர்தான். ஆக, உங்கள் செய்தியின் 'மர்மப் பொருள்' 160 ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் ஏறிய பொருள்.

எங்கள் பகுதியில் இதை ஏன் இவ்வளவு பார்க்க முடிகிறது என்றால் மண் அப்படி. காரை, கொளக்காநத்தம் பக்கம் போனால் தெரியும். காவியும் மஞ்சளுமாகக் களிமண் மேடுகள், நடுவே மழைநீர் அறுத்த ஓடைகள், ஒரு புல்கூடச் சரியாக முளைக்காது. ஒவ்வொரு மழைக்கும் களிமண் கரைந்து போகும். கால்சைட் கரையாமல் அப்படியே மேலே நிற்கும். அதனால் ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு ஓடைச் சரிவில் நடந்தால் யாரோ கொட்டிவிட்டுப் போன மாதிரி கிடக்கும். கொல்லையை உழும்போது கிடைப்பதும் இப்படி மேலே வந்ததுதான், யாரும் புதைத்து வைத்தது இல்லை. காரைப் பகுதியை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை புவியியல் பாரம்பரியத் தலங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. அதே ஆலத்தூர் வட்டத்தின் சாத்தனூர்க் கல்மரம் எல்லோருக்கும் தெரியும். எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் வெளியுலகுக்குச் சொன்ன, 18 மீட்டர் நீளமுள்ள மரம். அது பெரியது என்பதால் வேலி, பலகை, பூங்கா எல்லாம் கிடைத்தது. விரல் நீளப் பொருளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். கல்லூரி மாணவர்கள் பாறை பார்க்க வருவார்கள், சுத்தியலும் உளியும் மழுங்கிப் போனால் பட்டறைக்குத்தான் வர வேண்டும். உளி காய்கிற நேரத்தில் பேச்சு. "அண்ணே, இதை உடைச்ச பக்கமாப் பிடிச்சுப் பாருங்க" என்று முதலில் காட்டியது அந்தப் பையன்களில் ஒருவன்தான். அதன் பிறகு படிக்கக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

இடிக்கல் என்று சொன்ன பெரியவரைச் செய்தியில் கொஞ்சம் கிண்டலாக எழுதியது போல் இருந்தது. தேவையில்லை. ஐரோப்பாவில் பல நூறு ஆண்டுகள் இதே பொருளை இடியோடு விழுந்தது என்றுதான் நம்பினார்கள். மழைக்குப் பிறகு புதிதாகக் கண்ணில் படுவதால் எந்த ஊரிலும் அப்படித்தான் தோன்றும். அவர் கண்ணால் பார்த்தது சரி, காரணம்தான் வேறு. உண்மையிலேயே மின்னல் பாய்ந்து மணல் உருகி உண்டாகும் பொருள் ஒன்று உண்டு. அது உள்ளே ஓட்டையான, கரடுமுரடான கண்ணாடிக் குழாய். இது போல வழவழப்பாக, முனை சீவியது மாதிரி இருக்காது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு கவலை உண்டு, எழுதியே ஆக வேண்டும். 'மர்மம்', 'இடி' என்ற இரண்டு சொற்களும் ஒரே செய்தியில் வந்தால் எங்கள் பக்கம் யார் யார் வருவார்கள் என்று பத்திரிகைக்காரர்களுக்குத் தெரியாமல் இருக்காது. இடி இறங்கிய கலசம், அரிசியை இழுக்கும் செம்பு, இரிடியம் என்று சொல்லி லட்சக்கணக்கில் மோசடி நடப்பதை நீங்களே பக்கம் பக்கமாக வெளியிட்டிருக்கிறீர்கள். கோயில் கோபுரக் கலசங்களையே கழற்றிக்கொண்டு போனார்கள். அந்தக் கூட்டத்துக்கு மண்ணில் கிடைத்த கூரான பொருள் என்றால் போதும். அந்த விவசாயியின் ஊர்ப் பெயரையும், போதாக்குறைக்கு நிலம் எந்தக் கோயிலுக்குப் பின்புறம் என்பதையும் அச்சில் போட்டுவிட்டீர்கள். இரவில் யாராவது கொல்லையைத் தோண்டினால் சின்ன வெங்காயத்துக்குத்தான் சேதம். பெலம்னைட்டில் இரிடியமும் இல்லை, மந்திரமும் இல்லை, சந்தை விலையும் இல்லை. சுண்ணாம்பு, அவ்வளவுதான்.

உலையில் போட்டுப் பார் என்று கேட்பவர்களும் உண்டு. போட்டால் வெடித்துச் சிதறும், சிதறாமல் நின்றால் சுண்ணாம்பாக நீறிப்போகும். அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை, பொருள் போனதுதான் மிச்சம். ஆனால் பெரிய ஆபத்து வேறு. கிடைத்தது நிஜமாகவே உலோகத் தோட்டாவாகவோ குண்டாகவோ இருந்துவிட்டால் என்ன செய்வது? கனமாகவோ, காந்தம் இழுப்பதாகவோ, பின்பக்கம் வட்டமாக அடைத்ததாகவோ, கோடு வெட்டியதாகவோ இருக்கும் பொருள் எதையும் சூடு காட்டவோ, சுத்தியலால் தட்டவோ, கிரைண்டரில் பிடிக்கவோ கூடாது. பழைய இரும்புக் கடைகளில் இப்படி வெடித்துச் செத்தவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். என் பட்டறையில் அடையாளம் தெரியாத உலோகம் உலைக்குப் போகாது. கொண்டுவந்தவர் கோபித்துக்கொண்டாலும் சரி. இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள் என்பதுதான் என் பதில்.

நிஜமான பழைய ஆயுதமாக இருந்துவிட்டால்? அதுவும் நம் நாட்டில் நடக்கிற காரியம்தான். பல்லாவரத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லை எடுத்து, இது மனிதன் கையால் செதுக்கியது என்று கண்டுகொண்டார். அதுவரை அது வெறும் கல். செதுக்கிய கல்லில் சில்லுச் சில்லாகப் பெயர்த்த தழும்புகள் இருக்கும், ஓரம் நெளிநெளியாகக் கூராக இருக்கும். பெலம்னைட் போல் கடைந்தெடுத்த உருண்டையாக இராது. அப்படிச் செதுக்கியதோ, ஓடு, மணி, காசு இவற்றோடு சேர்ந்து கிடைத்ததோ என்றால் தோண்டுவதை நிறுத்திவிட்டுக் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்ல வேண்டும். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் மண்ணில் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அந்தப் பத்து ரூபாய்க்கு இன்றைக்கு ஒரு டீகூடச் சரியாக வராது என்பது வேறு விஷயம்.

விலை இல்லாத பொருள் என்றால் அள்ளிக்கொண்டு போகலாமே என்று நினைப்பவர்கள் அதிகம். விடுமுறை நாட்களில் காரைக்கு வருகிறவர்களில் சிலர் பை நிறைய அள்ளிப் போகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வந்து, ஆளுக்கு ஒரு கைப்பிடி எடுத்துக்கொள் என்று சொன்ன ஆசிரியரையும் பார்த்திருக்கிறேன். நல்ல எண்ணம்தான், ஆனால் அங்கேதான் காரியம் கெடுகிறது. இந்தப் பொருளுக்குள் இருக்கும் வளையங்கள் சும்மா அழகுக்கு இல்லை. பிராணி வளர வளர, அன்றன்றைக்குக் கடல் நீரிலிருந்து எடுத்துக்கொண்ட ஆக்சிஜனின் கனமான, இலேசான வகைகளின் விகிதம் அதில் பதிந்துவிடுகிறது, அது நீரின் வெப்பத்தைப் பொறுத்து மாறும். நோபல் பரிசு பெற்ற ஹெரால்டு யூரியும் கூட வேலை பார்த்தவர்களும் 1951-இல் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் கிடைத்த ஒரு பெலம்னைட்டை வளையம் வளையமாகச் சுரண்டி அளந்து, அந்தப் பிராணி மூன்று கோடைகளும் நான்கு குளிர்காலங்களும் கண்டு, ஏறத்தாழ நான்கு வயதில் இறந்தது என்று எழுதினார்கள். உலகம் முழுக்கக் கரிமத்தின் வகைகளை அளக்க ஆய்வகங்கள் அடிப்படையாக வைத்துக்கொண்டதும் அமெரிக்காவின் தென் கரோலினாவில் கிடைத்த ஒரு பெலம்னைட்தான். நம் ஊர்ப் பெலம்னைட்டுகளையும் இதே முறையில் அளந்து, அந்தக் காலத்துக் கடல் எவ்வளவு சூடு என்று ஆராய்ந்திருக்கிறார்கள்.

இந்தக் கணக்கெல்லாம் பொருள் எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரிந்தால்தான் நிற்கும். எங்கள் பகுதியில் பாறை அடுக்குகள் கிழக்கே இலேசாகச் சாய்ந்து கிடக்கின்றன. மேற்கே ஊட்டத்தூர் பக்கம் வயது அதிகம், அரியலூர் நோக்கிப் போகப் போக வயது குறைவு. அந்தச் சரிவில் ஓர் ஓடைக் கரையின் கீழ்ப் பட்டையில் கிடந்ததற்கும் மேல்பட்டையில் கிடந்ததற்கும் இடையே லட்சக்கணக்கான ஆண்டுகள் இருக்கலாம். பைக்குள் போட்டுக் குலுக்கிவிட்டால் இரண்டும் ஒன்றுதான். வீட்டுக் கண்ணாடி அலமாரியில் வைத்தால் பேரப்பிள்ளைக்குக் காட்டலாம், வேறொன்றுக்கும் ஆகாது. அதனால் இதையெல்லாம் சேகரித்து அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று சிலர் கோரிக்கை வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வாரணவாசியில் அரியலூர் மாவட்டத்துப் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே போய்ப் பாருங்கள், பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். எங்கே எடுத்தது என்று சொல்லத் தெரியாத மூட்டையை அவர்கள் தலையில் கட்ட வேண்டாம்.

தங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இனி இப்படிப் படம் வந்தால் பக்கத்தில் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து எடுக்கச் சொல்லுங்கள், அளவு தெரியும். பின்பக்கத்தையும் உடைந்த முகத்தையும் தனியாக ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கிடைத்த இடத்தை நில உரிமையாளரும் அதிகாரிகளும் குறித்து வைத்துக்கொள்ளட்டும், நாளிதழில் வட்டத்தின் பெயர் போதும். திருச்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் புவியியல் சொல்லித் தரும் கல்லூரிகள் இருக்கின்றன, செய்தி போடும் முன் ஒரு தொலைபேசி போதும். 'மர்மம்' என்று தலைப்பு வைத்தால் நாலு பேர் கூடுதலாகப் படிப்பார்கள் என்பது புரிகிறது. 'பெரம்பலூர்க் கொல்லையில் பத்துக் கோடி ஆண்டுக் கணவாய்' என்று வைத்துப் பாருங்கள், அதைவிட அதிகம் பேர் படிப்பார்கள்.

வருவாய்த் துறை அலுவலர்களுக்கும் ஒன்று. அந்த விவசாயியை நாலு தடவை அலைய விடாதீர்கள். அவர் எதையும் மறைக்கவில்லை, தானாகக் கொண்டுவந்து கொடுத்தவர். மேசையில் இருக்கும் பொருளின் உடைந்த பக்கத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு நிமிட வேலை. ஆரக்கால் தெரிந்தால் அவரிடமே எழுதி வாங்கிக்கொண்டு, எந்த மூலையில் கிடைத்தது என்று ஒரு கோட்டுப் படம் போட்டு, கோப்பை முடித்துவிடலாம். அதே கொல்லையில் சுருள் சுருளாக, வரிவரியாக ஏதாவது கிடைத்தால் அது அம்மோனைட், இதே கடலின் இன்னொரு பிராணி. அதற்குத் தனியாக ஒரு விசாரணை வேண்டாம்.

என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வெளியிட்டால் ஐந்து வட்டங்களில் கிடைக்கும் கூரான பொருளெல்லாம் என் வாசலுக்கு வந்துவிடும். போன மாதம் ஒருவர் சாக்கு நிறையக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார், பிரித்துப் பார்த்தால் அத்தனையும் மாட்டுக் கொம்பு. இன்னும் எடுத்துப் போக ஆள் வரவில்லை.

இப்படிக்கு,
இரும்புப் பட்டறைக்காரன்,
ஆலத்தூர் வட்டம், பெரம்பலூர் மாவட்டம்.